போக மறுக்கிறாள்

நற்றிணையின் 201-ஆவது பாட்டு ஒரு கண்டிப்புக்குப் பதிலாக வந்தது. தோழன் திட்டி முடித்துவிட்டான். பாட்டு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அவன் சொன்னது இன்னதென்று தலைவன் திருப்பிச் சொல்வதிலிருந்துதான் நமக்குத் தெரிகிறது. அவள் மலைக்குறவனின் செல்ல மகள். லேசில் கிடைக்கமாட்டாள். காவல் கடுமை. நீ பேசினாலும் பதில் வராது. அதோடு சின்னப்பெண். ஆகவே அவளை நினைப்பதையே விட்டுவிடு. இவ்வளவு நூற்றாண்டு ஆகியும் நண்பர்களின் புத்திமதியில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை.

தலைவன் இதில் ஒன்றைக்கூட மறுக்கவில்லை. ‘அவள் அப்படிப்பட்டவள் இல்லை’ என்றோ ‘உனக்கு என்ன தெரியும்’ என்றோ வாயைத் திறப்பதில்லை. கொல்லிமலையைக் கைகாட்டுகிறான். சிவந்த வேர்களுடைய பலா, தெய்வம் காக்கும் நெடிய சிகரம், வெள்ளை அருவி, மேற்குச் சரிவு, அங்கே ஒரு பாவை. காற்று மோதினாலும், மழை விரைந்து அடித்தாலும், இடி சினந்து விழுந்தாலும், வேறு பல கேடு வந்தாலும், நிலமே கிளர்ந்தாலும் அந்தப் பாவை தன் அழகு குலையாமல் நிற்கும். இவளும் அப்படித்தான், என் நெஞ்சை விட்டுப் போகமாட்டேன் என்கிறாள் என்று முடித்துவிடுகிறான்.

எண்ணிப் பாருங்கள். தோழன் சொன்ன தடைகள் ஐந்து. பாவையின் மேல் விழும் தாக்குதல்களும் ஐந்து. பாட்டைப் பாடிய பரணர் கணக்குப் போட்டுத்தான் இதைச் செய்தாரா என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அந்தப் புத்திமதிதான் காற்றாகவும் மழையாகவும் இடியாகவும் உருமாறி வந்து பாவையின் மேல் மோதுகிறது என்று எனக்குப் படுகிறது. நண்பனின் பேச்சுக்குப் பதில் சொல்லாமலே பதில் சொல்லியாயிற்று. தோழன் குறையாகச் சொன்ன ஒன்று, பேசினால் பதில் தரமாட்டாள் என்பது, கற்பாவைக்கு இயல்பான குணம். அதையும் தலைவன் தன் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டான்.

இன்னொரு நுட்பம். ‘நான் அவளை மறக்கமாட்டேன்’ என்று அவன் சபதம் போடவில்லை. போகாமல் நிற்பது அவள். இவன் வெறும் இடம். ஞாபகத்தில் பாதி இப்படித்தான் நடக்கிறது. நாம் முயன்று நினைவில் வைத்துக்கொண்டவை ஒரு பக்கம் இருக்க, அழைக்காமல் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்து போக மறுப்பவை வேறு. காலையில் பக்கத்து வீட்டு வானொலியில் கேட்ட பல்லவி ராத்திரி வரை நாக்கில் நிற்கிறதே, அதை யார் நிற்கச் சொன்னது?

இந்தப் பாட்டைக் கொல்லிமலையின் வாசலூர்பட்டியில் வைத்துப் படிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. படகு இல்லத்தின் நீர்ப்பரப்பை விட்டுக் கொஞ்சம் மேலே ஏறினால் பலா மரங்கள் வந்துவிடும், உடம்பெல்லாம் மிளகுக்கொடி சுற்றிக்கொண்டு. அடிமரத்தோடு ஒட்டி, சில நேரம் மண்ணை முட்டிக்கொண்டே காய் தொங்கும். அதைப் பார்த்த பிறகுதான் பரணர் ஏன் பலாவை வேரிலிருந்து தொடங்கினார் என்பது பிடிபட்டது. வேரிலிருந்து சிகரத்துக்கு, சிகரத்திலிருந்து அருவி வழியாகக் கீழே சரிவுக்கு, சரிவில் பாவையிடம். கண் ஏறி இறங்கி வந்து நிற்கிற பாதை அது. பாவையை நேரடியாகக் காட்டியிருந்தால் அது வெறும் உவமை. வழி சொல்லிக் கூட்டிப்போய்க் காட்டியதால் அது நாம் போய்வந்த இடமாகிவிடுகிறது.

நிலத்தை வைத்து நினைவைப் பிடிக்கும் இந்த வித்தையைச் சங்கப் புலவர்கள் இலக்கணமாகவே ஆக்கிவைத்திருந்தார்கள். முதற்பொருள், கருப்பொருள் எல்லாம் மனப்பாடம் செய்து தேர்வெழுதிய நமக்கு அது இலக்கணக் கசப்பாக நின்றுவிட்டது, அவ்வளவுதான். வெள்ளைக்காரர்கள் இதைச் சோதித்துப் பார்க்கக் கடலுக்குள் போனார்கள். காடன், பேட்லி என்ற இருவர் 1975-இல் வெளியிட்ட ஆய்வு அது. முக்குளிப்பவர்களுக்குச் சொற்பட்டியல் ஒன்றைக் கரையிலும் நீருக்கு அடியிலும் படிக்கக் கொடுத்தார்கள். நீருக்கு அடியில் படித்த சொற்கள் நீருக்கு அடியில்தான் நன்றாக நினைவுக்கு வந்தன. கரையில் படித்தவை கரையில். இடமும் பாடத்தோடு சேர்ந்தே உள்ளே போய்விடுகிறது. இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த யாரையாவது கேட்டிருக்கலாம். எத்தனையாவது வளைவில் வயிற்றைப் புரட்டியது என்பதோடு, அப்போது பஸ்ஸில் என்ன பாட்டு ஓடியது என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். பிறகு அந்தப் பாட்டைச் சென்னையில் எங்கே கேட்டாலும் வயிறு ஒரு தடவை வளையும்.

சரி, அந்தப் பாவை எங்கே?

இங்கேதான் தலைவன் மாட்டிக்கொள்கிறான். எந்தக் கேட்டுக்கும் மாறாத பாவை என்று அவன் அடித்துச் சொன்னானே, அது சங்கப் பாட்டுகளுக்குள்ளேயே மாறிக்கொண்டிருக்கிறது. குறுந்தொகையின் 89-ஆம் பாட்டில் அது தெய்வம் எழுதிய பாவை. அதுவும் பரணர் பாடியதுதான். நற்றிணையின் 192-இல் பூதம் செய்துவைத்த பாவை. இளவெயிலில் அது தோன்றுவதைப் போன்ற அழகை நினைத்துக்கொண்டு ஒருவன் காட்டு வழியில் வருகிறான். அங்கேயும் பலா உண்டு, அங்கேயும் நினைப்புத்தான் பேச்சு. பிற்காலக் கதையில் பாவைக்குச் சிரிப்பு முளைத்தது. மயக்கும் சிரிப்பு, பிறகு கொல்லும் சிரிப்பு. இன்று மலையில் கேட்டால் பலர் எட்டுக்கை அம்மன் கோயிலுக்கு வழி சொல்வார்கள். எழுதிய உருவம், செய்த உருவம், சிரிக்கும் பொறி, எட்டுக் கையுள்ள அம்மன். இடி விழுந்து மாறவில்லை. சொல்லிச் சொல்லி மாறியது.

கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் காட்டினார். வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை இங்கிலாந்துக்காரர்களிடம் படிக்கக் கொடுத்து, நாள்கள் போன பிறகு திருப்பிச் சொல்லச் சொன்னார். புரியாத பகுதிகள் உதிர்ந்தன, தெரிந்த சங்கதிகள் வந்து ஒட்டிக்கொண்டன, தோணி படகாயிற்று. பெட்டியில் வைத்த துணியை எடுப்பதுபோல நாம் நினைவை எடுப்பதில்லை, ஒவ்வொரு தடவையும் புதிதாக நெய்கிறோம் என்பது அவர் முடிவு. கொல்லிமலையில் வாழும் மலையாளி மக்களின் பூர்வீகக் கதையும் இப்படிப் பாடம் மாறி வருவதுதான். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பினார்கள் என்பது எல்லாருடைய கதையிலும் உறுதி. சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று மூன்று மலையும் உறுதி. மூத்தவர் எங்கே போனார், இளையவர் எங்கே தங்கினார் என்பதில்தான் சொல்பவருக்குச் சொல்பவர் வேறுபாடு. எலும்பு நிற்கும், சதை மாறும்.

மாறாமல் நின்றது பாவை அல்ல, பாவையைப் பற்றிய பாட்டு. ஏட்டில் பாடபேதம் உண்டுதான், பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் 1915-இல் அச்சில் ஏற்றும்வரை அது என்னென்ன பட்டதோ. ஆனாலும் அந்த ஐந்து தாக்குதலும், போகமாட்டேன் என்று நிற்கும் அந்தப் பெண்ணும் வந்து சேர்ந்துவிட்டார்கள். நினைவு இளகிக்கொண்டே இருக்க, நினைவைத் தட்டி எழுப்புகிற பொருள் மட்டும் இறுகி நிற்பது: பாட்டு, படம், பதிவு எல்லாவற்றுக்கும் இருக்கும் தனி வலு இதுதான். இருபது வயதில் கேட்ட அதே ஒலிநாடாப் பாட்டு ஐம்பது வயதிலும் அதே இடத்தில் மூச்சு வாங்கும். கேட்கிற ஆள்தான் வேறு.

இதை நன்றாகப் புரிந்துகொண்டு படம் எடுத்தவர் என்று நான் சொல்வது சி. பிரேம்குமாரை. 2018-இல் வந்த ‘96’ படத்தைப் பார்த்து அழுதவர்கள் நிறையப் பேர். அழுததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த அழுகை எவ்வளவு நுட்பமாகத் தயாரிக்கப்பட்டது என்பதைக் கவனித்தால் அதைவிட ரசமாக இருக்கும்.

தஞ்சாவூரில் பள்ளிக்கூடம். ஜானகி தேவி என்கிற ஜானு வகுப்பில் பாடுவாள். உடன் படிக்கும் ராமுக்கு அவள் ‘யமுனை ஆற்றிலே’ பாடிக் கேட்க வேண்டும். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தே வேறு பாட்டு பாடுவாள். பார்வையாளர்களும் காத்திருக்கிறோம். 22 வருஷம் கழித்துச் சந்திக்கிறார்கள், படம் முக்கால்வாசி ஓடிவிட்டது, அந்தப் பாட்டு வந்தபாடில்லை. ராமின் வீட்டில் இரவு. மின்சாரம் போகிறது. இருட்டில் அவள் குரல் மட்டும் வருகிறது. அந்தப் பாட்டு. அவன் தட்டுத் தடுமாறி ஓடி வருகிறான்.

ஏன் மின்வெட்டு? தமிழ்நாட்டில் 2010-களின் தொடக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கு மின்வெட்டு காதல் சின்னமாகத் தோன்ற நியாயமில்லை. ஆனால் திரையில் வெளிச்சம் போனதும் இன்றைய ஜானுவின் முகமும் போய்விடுகிறது. முப்பதுகளில் இருக்கிற, சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிற, கல்யாணமாகிக் குழந்தை பெற்ற முகம் மறைந்து குரல் மட்டும் நிற்கும்போது, அது எந்த வயதின் குரலாகவும் இருக்கலாம். ராம் ஓடி வருவது எந்த ஜானுவிடம் என்று சொல்ல முடியாது. சரிந்து மாறிய உருவத்தை இருட்டால் மூடிவிட்டு, மாறாத ஒன்றை மட்டும் காதில் விடுகிறார் இயக்குநர். பரணரின் உத்திக்கு இது தூரத்துச் சொந்தம்.

அதைவிட நுட்பம், அந்தக் குரல் தனியாக வருவது. தம்புரா இல்லை, குழல் இல்லை. மூலப் பாட்டு 1991-இல் ‘தளபதி’க்காக இளையராஜா இசையமைத்து மிதாலி பாடியது. அதை ஒலிநாடாவில் தேய்த்துக் கேட்ட தலைமுறைக்கு இங்கே கருவியிசை தேவையே இல்லை. அவர்கள் தலைக்குள் அது ஓடிவிடும். இது வெறும் கற்பனைப் பேச்சு அல்ல. அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் டேவிட் கிரேமரும் உடனிருந்தவர்களும் 2005-இல் இதை அளந்து வெளியிட்டார்கள். கேட்பவருக்குப் பழக்கமான பாட்டின் நடுநடுவே ஒலியை வெட்டி மௌனம் வைத்தார்கள். மௌனத்திலும் மூளையின் செவிப்புலப் பகுதி வேலை செய்துகொண்டே இருந்தது. பழக்கமில்லாத பாட்டில் அந்த அளவுக்கு இல்லை. பிரேம்குமார் இசையை வெட்டிய இடத்தில் நம் மூளை இளையராஜாவை வாசித்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ‘தளபதி’யைக் கேட்காத இருபது வயசுக்காரருக்கு அது அழகான குரல். நாற்பதுக்காரருக்கு அது முழு வாத்தியக் குழு. ஒரே காட்சி, இரண்டு ஒலிப்பதிவு. இரண்டாவதற்கான செலவைத் தயாரிப்பாளர் தரவில்லை, நம் இளமை தந்தது.

இவ்வளவு நினைவைக் கையாண்ட மனிதர் அதற்கு ஆறு வருஷம் முன்னால் ஒளிப்பதிவாளராகச் செய்த படம் ஞாபக மறதியைப் பற்றியது. கதை அவர் வாழ்க்கையில் நடந்தது. 2012 நவம்பரில் வெளிவந்த ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’. இயக்கியவர் நண்பர் பாலாஜி தரணீதரன். கல்யாண நேரத்தில் கிரிக்கெட் ஆடப் போன மாப்பிள்ளை, உயரப் போன பந்தைப் பிடிக்க ஓடி, விழுந்து தலையில் அடிபட்டு, கடைசி ஒரு வருஷத்தை மறந்துவிடுகிறான். அந்த ஒரு வருஷத்துக்குள்தான் மணப்பெண் இருக்கிறாள். மேடையில் அலங்காரத்தோடு நிற்கும் அவளைப் பார்த்து, பேய் மாதிரி இருக்கும் இந்தப் பெண் யார் என்று நண்பனைக் கேட்கிறான். கதாநாயகன் பெயரும் பிரேம்குமார்.

பழையது நிற்க, புதியது முதலில் போகும் என்பது மருத்துவம் எப்போதோ கண்டது; பிரான்ஸில் தியோதூல் ரிபோ 1881-லேயே இதை ஒரு விதியாக எழுதிவைத்தார். படம் அதை ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் காட்டுகிறது. நண்பர்கள் மூவரையும் அவனுக்குத் தெரியும், வீடு தெரியும், அப்பா அம்மா தெரியும். மணப்பெண் தனலட்சுமியை மட்டும் தெரியாது. வில்லத்தனமே இல்லாத ஒரு கதையில் இதைவிடக் கொடுமையான வில்லத்தனம் வேண்டுமா?

நான் திரும்பத் திரும்ப ரசிப்பது அந்த விசாரணையை. என்ன ஆச்சு என்று கேட்டு, கிரிக்கெட் ஆடியதில் ஆரம்பித்து, பந்து மேலே போனது, ஓடியது, விழுந்தது என்று ஒவ்வொரு படியாகத் தானே தேடிப் பிடித்து, பின்மண்டையைத் தொட்டு, இங்கே மெடுல்லா ஆப்லங்கேட்டா இருக்கிறது, இங்கே அடிபட்டிருக்கும் என்று முடிவுக்கு வருகிறான். திருப்தியாகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் முதலிலிருந்து. கதாநாயகனாக நடித்த விஜய் சேதுபதி இதில் செய்த நல்ல காரியம், ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகவே கண்டுபிடிப்பது. குரலில் அலுப்பு துளி இல்லை. அலுப்பு முழுவதும் எதிரில் நிற்பவர்கள் முகத்தில்.

அந்த மெடுல்லா ஆப்லங்கேட்டாவைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். உடற்கூற்றின்படி அது தப்பு. மெடுல்லா, அதாவது முகுளம், பார்த்துக்கொள்வது மூச்சையும் இதயத் துடிப்பையும். புது நினைவைப் பதியவைப்பது நெற்றிப்பொட்டுகளுக்கு உள்ளே இரண்டு பக்கமும் இருக்கும் ஹிப்போகாம்பஸ். ஹென்றி மொலாய்சன் என்ற அமெரிக்க இளைஞருக்கு 1953-இல் வலிப்பு நோய்க்காக அந்தப் பகுதியை வெட்டி எடுத்த பிறகுதான் உலகத்துக்கு அது தெரிந்தது. 2008-இல் இறக்கும்வரை அவருக்குப் புதிய ஆள் யாரும் மனத்தில் தங்கவில்லை. ஆனால் படத்தில் அந்தத் தப்புதான் சரி. முந்தாநாள் காதலியைத் தொலைத்தவனுக்குப் பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தின் வாயில் நுழையாத பெயர் பத்திரமாக இருக்கிறது! நடந்த சம்பவங்களின் நினைவு வேறு, கற்ற அறிவின் நினைவு வேறு என்று எண்டல் டல்விங் 1972-இல் பிரித்துக் காட்டியதை ஒரு நகைச்சுவை வசனம் இரண்டு வினாடியில் சொல்லிவிட்டுப் போகிறது.

இனி வேடிக்கை. அவனுக்குத் தங்காத அந்த வசனம் நமக்குத் தங்கிவிட்டது. ஒரே சங்கதி, கொஞ்சம் இடைவெளி விட்டு, லேசான வேறுபாட்டோடு மறுபடி, மறுபடி. குழந்தைக்கு வாய்ப்பாடு ஏற்றுகிற அதே முறை. கதாநாயகனின் மறதியே பார்வையாளனின் மனப்பாடம். வாசலூர்பட்டிப் பக்கம் மட்டையும் பந்துமாக நிற்கும் பையன்களில் ஒருவன் ஈரப்புல்லில் வழுக்கி விழட்டும், மற்றவர்கள் அந்த விசாரணையை ஆரம்பித்துவிடுவார்கள். படம் வந்தபோது பிறந்தே இருக்காத வயசு அவர்களில் சிலருக்கு. தொலைக்காட்சியில் துண்டாகவும் கைப்பேசியில் மீமாகவும் வந்து சேர்ந்தது. முழுப் படம் பார்த்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. பாவைக்கும் அதுதானே நடந்தது?

நற்றிணைத் தோழனையும் இந்தப் படத்து நண்பர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த எனக்கு ஆசை. அவன் நினைக்காதே என்றான். இவர்கள் அவனுக்காக நினைத்துக்கொண்டார்கள். பக்ஸ், சரஸ், பஜ்ஜி மூன்று பேரும் சேர்ந்து இரண்டு நாள் ஒரு மனிதனின் ஞாபகமாக வேலை பார்க்கிறார்கள். யாரைப் பார்த்தால் சிரிக்க வேண்டும், எப்போது எழுந்து நிற்க வேண்டும், தாலியை எங்கே கட்ட வேண்டும், எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. நெருங்கிப் பழகுபவர்கள் நினைவைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று டேனியல் வெக்னர் 1980-களில் எழுதினார்; தம்பதிகளை வைத்து அதைப் பேசினார். கல்யாண மாப்பிள்ளையின் தோழர்களைப் பார்த்திருந்தால் இன்னும் ஒரு அத்தியாயம் எழுதியிருப்பார். மூவரும் ஒரே மாதிரி சமாளிப்பதில்லை என்பதிலும் நயம் இருக்கிறது: ஒருவர் பொறுமையாகப் பதில் சொல்லும்போது இன்னொருவர் வெடிக்கிறார், மூன்றாமவர் ஓடப் பார்க்கிறார்.

பக்ஸாக நடித்த பகவதி பெருமாள் அசல் சம்பவத்திலும் உடனிருந்த நண்பர். ஆக, படப்பிடிப்புத் தளத்தை நினைத்துப் பாருங்கள். கேமராவுக்குப் பின்னால், நண்பர்கள் சொல்லித் தெரிந்துகொண்ட தன்னுடைய ஒரு நாளுக்கு வெளிச்சம் அமைத்துக்கொண்டு பிரேம்குமார். கேமராவுக்கு முன்னால், அன்றைக்கு அவருக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்த அதே பதிலை இன்னொரு பிரேம்குமாருக்குச் சொல்லிக்கொண்டு பக்ஸ். கேள்வி பழசு, பதில் பழசு, ஆனால் டேக் சரியில்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து.